பவளத்தின் நிறமும் ஒளியின் நிறமும்

சிம்பாங் பூலாய் வழியே செல்வோர் சாலையோரத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளையும், அவற்றை வெட்டிப் பளிங்குக்கல் எடுக்கும் இடங்களையும் காண்பர். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த பவளம், சிப்பி முதலியவற்றின் கூடுகளும் ஓடுகளும் படிந்து இறுகியே இம்மலைகள் உருவாயின. பின்னர் நிலத்தடியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பின் வெப்பம் அக்கல்லைப் பல இடங்களில் பளிங்காக்கிவிட்டமையால், அவ்வுயிர்களின் வடிவம் இங்கு எளிதில் புலப்படுவதில்லை.

உயிருள்ள பவளத்தைக் காண ரெடாங், தியோமான், பாயார் போன்ற தீவுகளுக்குச் செல்லவேண்டும். (அங்குள்ள கடற்பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.) கடல்நீர்த் தொட்டிகளிலும் பவளம் வளர்க்கப்படுகிறது. அவ்வாறு வளர்ப்போர் முதலில் கேட்பது ஒன்றுண்டு: கடையில் பச்சையாகவும் ஊதாவாகவும் மின்னிய பவளம் வீட்டில் பழுப்பாவது ஏன்?

பவளம் ஒரு விலங்கு. அதன் தசைக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றையணுப் பாசிகள் வாழ்கின்றன. இலை உணவு ஆக்குவது போலவே இப்பாசிகளும் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. பல பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கிறது. பழுப்பு என்பது இப்பாசிகளின் நிறமே, நோயன்று. நாமும் நெடுநாள் அதனை நோயென்றே எண்ணியிருந்தோம். நிழலில் வளர்ந்த செடியின் இலை கரும்பச்சையாவதைத் தோட்டத்தில் கண்டிருப்பீர்கள். ஒளி குறைந்தால் பாசிகளும் நிறமிகளைப் பெருக்கிக்கொள்கின்றன, பவளம் பழுப்பாகிறது.

பச்சையும் ஊதாவும் வேறு வகை. அவை பவளம் தானே ஆக்கும் புரதங்கள். ஒளி, அதிலும் நீல ஒளி, மிகும்போது பவளம் இவற்றை மிகுதியாக ஆக்கிப் பாசிகளுக்குக் குடை பிடிக்கிறது. சில புரதங்கள் நீல ஒளியை விழுங்கிப் பச்சை ஒளியை உமிழும். கடையில் நீல விளக்கின்கீழ் கண்ட மினுமினுப்பைப் பகல் வெளிச்சத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நீலம் ஏன்? கதிரவன் ஒளியிலுள்ள சிவப்பைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடும். தெளிந்த கடலில் ஆழம்வரை செல்வது நீலமே. 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான இந்த ஒளியைப் பாசிகள் நன்கு ஏற்கின்றன. ஆதலின் பவளத் தொட்டிக்கு நீலம் மிகுந்த விளக்கே ஏற்றது. சிவப்பு ஒளியை மட்டும் பாய்ச்சிய சோதனையில் பவளம் நலிவுற்றது.

பழுப்பைப் போக்கும் ஆவலில் விளக்கை ஒரேநாளில் வலுப்படுத்துவோர் உண்டு. நிழலில் வைத்திருந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை கருகுமன்றோ? பவளத்திலும் அஃதே. மிகையான ஒளியைத் தாங்காத பாசிகளிடம் நச்சு ஆக்சிஜன் தோன்ற, பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. தசையினூடே வெண்ணிற எலும்புக்கூடு தெரிகிறது. அது அப்போதே இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. விளக்கைச் சற்று உயரத் தூக்கி, ஒளியைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. இரவில் இருளும் வேண்டும்.

கடலில் இதே வெளுப்பை வெப்பம் உண்டாக்குகிறது. நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1 பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே, பழகிய வெயிலும் பாசிகளுக்குத் தாங்கொணாததாகிவிடும். 2010 ஜூலையில் ரெடாங், தியோமான், பாயார் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில இக்காரணத்தால் மூடப்பட்டன. தொட்டியில் விளக்கைத் தூக்கிவிடலாம். கடலுக்கு யார் நிழல் அமைப்பது? நீர் குளிர்ந்து பாசிகள் மீளும்போது, பிழைத்த பவளத்தில் முதலில் தோன்றுவது அந்தப் பழுப்பு நிறமே.