வீணைக் குடமும் ஒலிபெருக்கிப் பெட்டியும்

நம் சங்க அறையில் மாலைதோறும் சுழலும் இசைத்தட்டுக் கருவியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டார். அதன் பெட்டிகளைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "கடையில் வாங்கினால் போயிற்று, கையால் செய்வானேன்?" என்று கேட்கும் நண்பர்கள் பலர். கருவியில் கையால் செய்யத் தகுந்த பகுதியும் உண்டு, செய்யவே கூடாத பகுதியும் உண்டு. எது எதுவென்று தெரிந்துகொண்டால் மாணவனுடைய சிறு பணமும் நல்ல இசைக்குப் போதும்.

செய்யக் கூடாதவை ஊசியும், அதைத் தாங்கும் கையும், சுழல்மேடையும். 1948-இல் வந்த நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. அதன் பள்ளம் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் அகலமே உடையது. ஸ்டீரியோத் தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் நிற்கும். ஒன்றில் இடப்பக்க ஒலி, மற்றதில் வலப்பக்க ஒலி. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. கடைகளுக்குப் பரவலாக வந்ததோ 1958-இல்தான். ஊசி தட்டின்மேல் 2 கிராம் அளவே அழுத்துகிறது. ஆனால் வைரமுனை தொடும் இடம் மிக மிகச் சிறிது. ஆகையால் அங்கே அழுத்தம் பெரிது. தேய்ந்த ஊசி உளியாகிவிடும். அது செதுக்கியெடுத்த ஸ்வரத்தை எத்தனை உயர்ந்த ஒலிபெருக்கியும் திருப்பித் தராது. பணத்தை இங்கே போடுங்கள்.

இடையில் ஒன்று. தட்டின் வெளியோரத்தில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. வேகத்தில் ஊசியின்கீழ் ஓடுகிறது. உள்ளோரத்தில் 21 செ.மீ.தான். பாதிக்கும் குறைந்த இடத்தில் அதே நுணுக்கங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கச்சேரித் தட்டின் கடைசியில் வரும் துக்கடா சற்றே கரகரத்தால் பாடகரைக் குறை சொல்லாதீர்கள்!

ஆம்ப்ளிபயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தட்டில் கீழ்ஒலிகளைக் குறைத்தும் மேல்ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் கீழ்ஒலியின் அலைவு பக்கத்துப் பள்ளத்தில் போய் மோதும். 1954 முதல் இதற்கு ஒரு பொது அளவு உண்டு. அந்த ஏற்றத்தாழ்வைத் திரும்பச் சரிசெய்யும் வாயிலில்தான் காந்தவகை ஊசித்தலையை இணைக்க வேண்டும். வேறு வாயிலில் இணைத்தால் பாட்டு தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னே அசையும்போது முன்னுள்ள காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் பின்னுள்ள காற்றைத் தளர்த்துகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கூம்போ 20 செ.மீ.! அழுத்தப்பட்ட காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடி, தளர்ந்த காற்றோடு கலந்து இரண்டும் அழிகின்றன. பெட்டியில்லாத ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக் கேளுங்கள்: மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. வட்டத் துளையிட்ட ஒரு பெரிய பலகையோடு சேர்த்துப் பிடியுங்கள். தொப்பி வந்து சேரும். பெட்டியின் முதல் வேலை அந்தப் பலகையின் வேலைதான்.

இரண்டாவது வேலையைக் கடம் வாசிப்பவர்கள் அறிவார்கள். பானையின் வாய்க் காற்று ஒரு எடைபோலவும், வயிற்றுக் காற்று ஒரு வில்போலவும் இயங்கி ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிர்கின்றன. வித்துவான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்துக் கும்கி எழுப்பும்போது அந்தச் சுருதியைத்தான் தாழ்த்துகிறார். நம் பெட்டியின் கொள்ளளவு 40 லிட்டர், அதில் 7.5 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள குழாயைப் பொருத்தினேன். கணக்குப்படி அது 43 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். கூம்பு களைக்கும் இடத்தில் குழாய் கைகொடுக்கிறது. இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூம்புக்குக் கூம்பு இவை மாறும்; 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் வகுத்த கணக்கைக் கற்றுப் போட்டுப் பாருங்கள். பொறியியல் மாணவர்களுக்கு ஒரு மாலை வேலை.

பெட்டி செய்துதந்த வங்காளத் தச்சர் ஹார்மோனியம் செய்து பழகியவர். மெல்லிய தேக்கில் செய்தால்தான் நாதம் வரும் என்று அவர் வாதாடினார். நான் 18 மி.மீ. ஒட்டுப்பலகை கேட்டேன். உள்ளே குறுக்குச் சட்டங்களும் கேட்டேன். அவர் சொன்னது வீணைக்குச் சரி. வீணைக் குடம் தானும் சேர்ந்து பாட வேண்டும். பலாமரம் தேடுவது அதற்காகவே. ஒலிபெருக்கிப் பெட்டியோ வாய்திறக்கக் கூடாது. வீணையின் நாதம் தட்டிலேயே இருக்கிறது. பெட்டியும் பாடினால் வீணை, வயலின், நாகசுரம் எல்லாவற்றிலும் ஒரே மரத்தின் குரல் ஒட்டிக்கொள்ளும். முடிந்த பெட்டியை அவர் விரலால் தட்டிப் பார்த்து, "உயிரே இல்லையே" என்று முகம் சுளித்தார். எனக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

நாங்கள் இத்தனை கவலைப்படக் காரணம், ஊர் திரும்பிய ஒரு தமிழ்க் குடும்பம் சங்கத்துக்கு விட்டுச்சென்ற தட்டுகள். சென்னையில் பதிவான எத்தனையோ பாட்டுகள் இந்த வங்கத்து டம்டம் ஆலையில் தட்டாகித் தெற்கே சென்றன; அவற்றில் சில மறுபடி இங்கேயே வந்திருக்கின்றன. நெடுந்தட்டுகளை நேராக நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பார்த்துத் துடையுங்கள். 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட்டால் துடைத்தால் கரைந்துபோகும். அவற்றின் பள்ளமும் அகலமானது. நெடுந்தட்டின் ஊசி அதன் அடியில் தள்ளாடி இரைச்சலைத்தான் பொறுக்கும். அகலமுனை ஊசி தனியே வேண்டும். அது வந்து சேரும்வரை அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளவற்றை யாரும் எடுத்துச் சுழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.