டிஸ்க்கைப் பெரிதாக்கியும் இடம் இல்லையா?

விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறேன். 25 ஜிபி டிஸ்க் நிரம்பியதால், மறுநாள் கொடுக்க வேண்டிய மகளின் புராஜெக்ட் ஃபைல் சேவ் ஆகவில்லை. உபுண்டுவை ஷட்டவுன் செய்து, மீடியா மேனேஜரில் டிஸ்க் அளவை 40 ஜிபி ஆக்கினேன். பூட் செய்தால் அதே எர்ரர் மெசேஜ்!

நான் பெரிதாக்கியது வெளிப்பெட்டியை மட்டும்தான். உள்ளே பார்ட்டிஷனும் அதனுள் இருக்கும் ஃபைல் சிஸ்டமும் பழைய அளவிலேயே இருந்தன. டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கமாண்ட் கொடுத்ததும் புரிந்தது: எஸ்டிஏ 40 ஜிபி, அதன் கடைசி பார்ட்டிஷனான எஸ்டிஏ2 வெறும் 25 ஜிபி.

முதலில் 'சூடோ குரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 2' என்று கொடுங்கள். 2-க்கு முன் ஸ்பேஸ் அவசியம். எனக்கு இதுவும் மறுத்தது. தற்காலிக ஃபோல்டர் உருவாக்கக்கூட இடமில்லையாம்! 'சூடோ ஏபிடி கிளீன்' கொடுத்து, டவுன்லோடு ஆகிச் சேர்ந்திருந்த பேக்கேஜ் ஃபைல்களை நீக்கியபின் ஓடியது. அடுத்து 'சூடோ ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2'. இங்கே 2-க்கு முன் ஸ்பேஸ் கூடாது. இது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கான கமாண்ட். ரீபூட் இல்லாமலே இடம் கூடிவிட்டது. புராஜெக்டும் சேவ் ஆனது.

ஸ்நாப்ஷாட் எடுத்திருந்தால், அவற்றை நீக்கிய பிறகே டிஸ்க் அளவை மாற்றுங்கள். எதற்கும் முன்னதாக, விர்ச்சுவல் மெஷின் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.