காய்ச்சல் கண்ட நாள்

அந்தமான் தீவுகளில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கி, இடையில் சற்றே ஓய்ந்து, பிறகு வடகிழக்குக் காற்றோடு மீண்டும் சேர்ந்துகொண்டு, ஆண்டின் பெரும்பகுதியில் நிலத்தை உலரவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தினால்தான் திக்லிப்பூர்ப் பக்கத்து வயல்களில் நெல் விளைகிறது, கமுகும் தென்னையும் செழிக்கின்றன. அந்த ஈரத்தினால்தான் காய்ச்சல்களும் வருகின்றன. வடக்கு அந்தமானிலும் நடு அந்தமானிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நோயை உரிய காலத்தில் இன்னதென்று நிர்ணயிப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதை, மருத்துவக் கல்லூரியில் கற்றதைக் காட்டிலும், மழை விட்ட புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகளிடமிருந்தே அதிகமாகக் கற்றேன்.

முதல் மூன்று நாட்களில் எல்லாக் காய்ச்சலுக்கும் முகம் ஒன்றுதான். மலேரியா, டெங்கு, 2006-இல் இத்தீவுகளைப் படுத்தியெடுத்த சிக்குன்குனியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகிய எதுவானாலும், உடல் கொதிக்கிறது, தலை வெடிக்கிறது, கைகால் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்று ஒரே வாக்குமூலத்தைத்தான் நோயாளி சொல்வார். இவற்றுள் சில தாமாகவே தணிந்துவிடும். சில நான்கைந்து நாட்களுக்குள் உயிரை வாங்கிவிடும். எது எந்த வகை என்று பிரித்தறிவதற்கு வைத்தியருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது.

இதற்கு அந்தமானின் சரித்திரத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில், திக்லிப்பூர் வட்டாரத்தில் ஒரு விசித்திரமான காய்ச்சல் தோன்றியது. முதலில் சாதாரணச் சுரம் போலவே இருக்கும், பிறகு இருமல் வரும், இருமலில் இரத்தம் வரும், மூச்சு முட்டும், நல்ல தேகக்கட்டுடைய உழவர்கள் சில நாட்களுக்குள் மாண்டுபோவார்கள். மறு ஆண்டும் மழை ஓய்ந்ததும் அது வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. காரணம் புலப்படாத நிலையில் அதற்கு ‘அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்’ என்று ஒரு பெயர் மட்டும் கிடைத்தது. 1983-இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டிருந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளான சேகல், முர்ஹேகர், சுகுணன் ஆகியோர், 1993-இல் வந்த நோய்ப்பரவலை ஆராய்ந்து, இது லெப்டோஸ்பைரா என்னும் கிருமியால் விளையும் எலிக்காய்ச்சலே, நுரையீரலைத் தாக்கி இரத்தம் கசியச் செய்யும் கடுமையான வடிவம் இது என்று நிறுவினார்கள். ஆக, நோய் முதலில் தோன்றியதற்கும் காரணம் கண்டறியப்பட்டதற்கும் இடையே ஐந்து மழைக்காலங்கள் சென்றன. பென்சிலினுக்கும் டாக்சிசைக்கிளினுக்கும் கட்டுப்படுகிற கிருமி அது என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

இதில் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. அந்தக் கிருமி அத்தீவுகளுக்குப் புதிதாக வந்தது அன்று. கைதிகளின் குடியேற்றமாக அந்தமான் இருந்த காலத்திலேயே, டெய்லர், கோயல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அங்கே எலிக்காய்ச்சல் இருப்பதைச் சோதனைகளால் நிரூபித்து, 1931-இல் விரிவான நூலொன்றையே வெளியிட்டிருந்தார்கள். இந்தியாவில் இந்நோயைப் பற்றி எழுதப்பட்ட ஆதி ஆவணங்களில் அது முக்கியமானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணில் கண்டு எழுதி வைத்த ஒரு விஷயம், நடுவில் வந்த தலைமுறைகளின் ஞாபகத்திலிருந்து முற்றிலும் நழுவிவிட்டது. சிறைக் குடியேற்றம் கலைந்தது. யுத்தமும் ஜப்பானியர் ஆட்சியும் வந்து போயின. கிழக்கு வங்காளத்திலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் புதிய மக்கள் வந்து காடு திருத்தினார்கள். வைத்தியர்களும் இரண்டாண்டு, மூன்றாண்டு தவணைக்கு வந்து மாற்றலாகிப் போனார்கள். ஓர் ஊரின் நோய்களைப் பற்றிய ஞானம், அந்த ஊரிலேயே தங்கியிருக்கும் ஒருவரிடமாவது இல்லாவிட்டால், நூலகத்தில் இருந்தும் பயனில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. எலிக்காய்ச்சல் என்றால் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் கெடும் என்று 1886-இல் ஜெர்மானிய வைத்தியர் வைல் வர்ணித்த இலட்சணங்களையே பாடப்புத்தகங்கள் பிரதானமாகச் சொல்லி வந்தன. திக்லிப்பூரில் வந்த நோயோ நெஞ்சில் தொடங்கிற்று. பலருக்குக் காமாலையே இல்லை. எதிர்பார்த்த அடையாளம் காணப்படாததால், எதிரே நின்ற நோயை எவராலும் இன்னதென்று சொல்ல முடியவில்லை. 1995-இல் நிகராகுவா நாட்டில் இதே வடிவத்தில் நோய் பரவியபோது, அங்கும் முதலில் டெங்கு என்றே சந்தேகித்தார்கள். மேதைகளும் இதற்கு விலக்கல்லர். ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி 1918-இல் ஈக்வடாருக்குச் சென்று, மஞ்சள் காய்ச்சல் என்று கருதப்பட்ட நோயாளிகளிடம் லெப்டோஸ்பைரா வகைக் கிருமியைக் கண்டு, மஞ்சள் காய்ச்சலின் காரணம் இதுவே என்று அறிவித்தார். உண்மையில் அவர் கண்டது பெரும்பாலும் எலிக்காய்ச்சல் நோயாளிகளைத்தான் என்று பின்னாளில் கருதப்பட்டது. மஞ்சள் காய்ச்சலைத் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1928-இல் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில் அந்தக் காய்ச்சலாலேயே இறந்தார். ஆகையால், ‘இது இன்ன நோய்’ என்று ஒரு பெயரை எழுதிய பிறகும், மறுநாள் காலையில் அந்தப் பெயரைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்தை நான் விடாமல் கைக்கொண்டேன்; என்னிடம் பயில வந்த இளம் வைத்தியர்களுக்கும் முதலில் அதையே சொன்னேன்.

இனி, நடைமுறையில் கண்ட சில விஷயங்கள். காய்ச்சல்காரரிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்பது போதாது. ‘இந்த இரண்டு மூன்று வாரத்தில் எங்கெங்கே போனீர்கள், என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். எலி, மாடு, பன்றி, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலிலுள்ள சிறு புண் வழியாகவோ ஊறிப்போன தோல் வழியாகவோ உடம்பில் புகுந்து, பொதுவாக ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அதற்குள் நோயாளிக்கு அந்தச் சேறே மறந்து போயிருக்கும். ஒருமுறை மாயாபந்தரை அடுத்த கிராமத்திலிருந்து வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், தாம் வெயிலில் இறங்குவதே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அவர் மனைவிதான், “இவர் சொல்றதைக் கேக்காதீங்க ஐயா, போன அமாவாசைக்கு ஆள் கிடைக்கலைன்னு இவரே மாட்டுக் கொட்டாயை வெட்டி அள்ளிப் போட்டாரு, வெறுங்காலோட,” என்றார். ஆய்வுக்கூடம் பத்து நாள் கழித்துச் சொன்னதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்றுமுதல், நோயாளியோடு வந்தவரையும் உட்காரவைத்துக் கேட்காமல் நான் சீட்டு எழுதியதில்லை.

பாஷையும் ஒரு தடைதான். தீவுகளில் எல்லோருக்கும் பொதுவான மொழி இந்தி என்றாலும், வங்காளியும் தெலுங்கரும் கரேனியரும் ராஞ்சிக்காரரும் தமிழரும் தத்தம் வலியைத் தத்தம் மொழியில்தான் உள்ளபடி சொல்ல முடியும். கடைத்தெரு இந்தியில் ‘பலவீனம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூச்சுத்திணறல், மயக்கம், பசியின்மை எல்லாம் அடங்கிவிடும். அவரவர் மொழி அறிந்த செவிலியரையோ பணியாளரையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மீண்டும் ஒருமுறை கேட்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்துவதில் இலாபமே இல்லை.

கேட்ட பிறகு கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலை இலேசாக அழுத்தினாலே நோயாளி அலறுவாரானால், பீளையில்லாமல் கண்கள் இரத்தச் சிவப்பாக இருக்குமானால், எலிக்காய்ச்சலை நினைத்தே ஆக வேண்டும். உண்ணிக்காய்ச்சலின் அடையாளமோ ஒளிந்திருக்கும். சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியே இல்லாத ஒரு கறுத்த பொருக்கு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ அரைஞாண் கயிற்றின் கீழோ இருக்கும். வலியில்லாததால் நோயாளியே அதை அறிந்திருக்க மாட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லாமல் அதைக் காண முடியாது. பெண்களுக்குக் கூச்சம் இயல்பு; திரைக்குப் பின்னால் ஒரு செவிலியர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு செய்துவிட்டால் அந்தத் தடையும் நீங்கும்.

அடுத்தது பரிசோதனைகள். சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள்; ஒவ்வொரு சோதனைக்கும் உரிய நாள் உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் தோன்றுவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரண்டாம் நாளில் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது; அந்த ‘இல்லை’யை நம்பி மருந்தை நிறுத்தினால் ஆபத்து. முதல் வாரத்தில் பி.சி.ஆர். சோதனை உதவும், கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டெங்குவுக்கு நேர் எதிர்: என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாட்களில் பயன்படும், பிறகு வேறு சோதனையே உதவும். மலேரியாக் கிருமி ஒரு துளியில் அகப்படாமல் மறு துளியில் அகப்படும். ஒருமுறை பார்த்துவிட்டு ஓய்வது சரியன்று. டைபாய்டுக்கென்று எங்கும் வழங்கும் வைடல் சோதனையோ, வேறு காய்ச்சல்களிலும் பழைய தடுப்பூசியாலும் ‘உண்டு’ என்று சொல்லக்கூடியது. அதன் ஒற்றைச் சொல்லைக் கேட்டு டைபாய்டு மருந்து கொடுக்கப்பட்டு, எலிக்காய்ச்சல் முற்றி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உறுதியான நிர்ணயம் வேண்டுமானால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்குள் நோயாளி பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆகவேதான், மழைக்காலத்தில், சேற்றில் உழைத்தவருக்குக் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் கண்டால், சோதனைக்கு இரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு அன்றே மருந்தைத் தொடங்குவது என்பது எங்கள் வழக்கமாயிற்று. டாக்சிசைக்கிளின் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் ஒருங்கே பயன்படுவது பெரும் அநுகூலம். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். போர்ட் பிளேர் மையத்தினர் வடக்கு அந்தமானில், வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்கிளினை முன்கூட்டியே கொடுத்து ஒரு சோதனையும் நடத்தினார்கள். கிருமி தொற்றுவதை அது தடுக்கவில்லை. ஆனால் நோயாக வெளிப்படுவதைக் குறைத்தது என்று 2000-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்தாலும் தூரம் என்றொரு பகைவன் இருக்கிறான். திக்லிப்பூரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாலையில் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், வழியில் கடல்கால்வாய், ஜாரவா பழங்குடியினரின் வனத்தினூடே குறித்த வேளைகளில் அணிவகுத்துச் செல்ல வேண்டிய பாதை. நிக்கோபாரின் கச்சல் தீவிலோ கேம்ப்பெல் பேயிலோ இருப்பவருக்குக் கப்பலும் ஹெலிகாப்டருமே கதி. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இருமலில் ஒரு கோடு இரத்தம் கண்ட பிறகு அனுப்புவது பெரும்பாலும் காலங்கடந்த காரியம். மூச்சு விடும் வேகம் கூடும்போதே, சிறுநீர் குறையும்போதே வண்டியை ஏற்பாடு செய்ய வேண்டும். அனுப்பும்போது, காய்ச்சல் எந்தத் தேதியில் கண்டது, எந்த மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, எந்த இரத்தம் எங்கே அனுப்பப்பட்டது என்ற மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தனியார் மருந்தகத்தில் பெயரெழுதாத ஊசி இரண்டு போடப்பட்டு, ஒரு துண்டுச் சீட்டுமின்றி எங்களிடம் வந்த ஓர் இளைஞனுக்கு, கொடுக்கப்பட்டது என்ன என்று அறிவதிலேயே ஒரு பகல் கழிந்தது. அவன் பிழைத்தான், அந்த ஒரு பகல் எல்லோருக்கும் அப்படிக் கைகொடுப்பதில்லை.

தாய்நிலத்திலிருந்து இத்தீவுகளைக் காண வருவோர் இப்போது ஏராளம். ஊர் திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலோ மதுரையிலோ காய்ச்சல் கண்டால், அங்குள்ள வைத்தியர் கேட்காவிட்டாலும், ‘அந்தமானுக்குப் போயிருந்தேன், ஓடையில் இறங்கினேன், காட்டில் நடந்தேன்’ என்று நீங்களே சொல்லுங்கள். தீவிலோ தாய்நிலத்திலோ எங்கிருந்தாலும், காய்ச்சல் கண்ட தேதியை அன்றைக்கே ஒரு காகிதத்தில் குறித்து, விழுங்கிய மாத்திரைகளின் அட்டையோடு சேர்த்து வைத்தியரின் மேஜைமேல் வையுங்கள். எந்தச் சோதனையை எந்த நாளில் செய்வது என்பதை அவர் அதைக்கொண்டுதான் தீர்மானிக்க முடியும்.