அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்

வடக்குத்து

அன்புள்ள பேரனுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையில் ‘2006-இல் நெய்வேலிப் பங்கு விற்பனை ரத்து செய்யப்பட்டது’ என்ற வரியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் 10 விழுக்காட்டுப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். கூட்டணியில் இருந்த தி.மு.க.வும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங், அரசு நிறுவனப் பங்கு விற்பனைகள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். நிறுத்திவைத்தார், அவ்வளவுதான். ‘ரத்து’ என்று சொல்லிச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஏழே வருஷத்தில், 2013-இல், பேச்சு திரும்ப வந்தது. பங்குச்சந்தையில் உள்ள அரசு நிறுவனங்களில் 10 விழுக்காடாவது பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. மத்திய அரசிடம் இருந்ததோ 93.56 விழுக்காடு. கூடுதலாக இருந்த 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ள முதல்வர் ஜெயலலிதா வழி செய்தார். அப்போதும் விற்பனை நிற்கவில்லை, வாங்கியவர்தான் நம்மவர்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ரத்து’ அரபியிலிருந்து வந்த சொல். அதோடு குழப்பிக்கொள்ளும் ‘வாபஸ்’ பாரசீகம். அதைத்தான் திரும்பப் பெறுதல் என்கிறோம். கொடுத்தவர்தான் திரும்பப் பெற முடியும். ரத்து அப்படியல்ல, முடிவெடுத்தவரும் செய்யலாம், அவருக்கு மேலே உள்ளவரும் செய்யலாம். கலெக்டர் தம் உத்தரவைத் திரும்பப் பெறுவார். அதையே ஐகோர்ட் ரத்து செய்யும். வழக்கு முடியும்வரை நிறுத்தினால் அது இடைக்காலத் தடை.

‘விலக்கு’ இன்னொன்று, சிலவற்றை மட்டும் எடுத்துவிடுவது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து காவிரி டெல்டாவின் மூன்று இடங்களை எடுத்தார்கள். நம் கும்பகோணம் சாலையில் உள்ள சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதியும் அதில் ஒன்று. மற்ற இடங்களுக்கு ஏலம் நடந்தது. ஆனால் 2025 ஜனவரியில் மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தையே கைவிட்டார்கள். அதற்கு ‘ரத்து’ பொருந்தும்.

1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவையும் படி. உத்தரவு போடும் அதிகாரத்துக்குள்ளேயே அதை நீக்கும் அதிகாரமும் அடக்கம். ஆனால் போட்ட முறைப்படியே நீக்க வேண்டும் என்கிறது. அதனால் யாராவது ‘ரத்தாயிடுச்சு’ என்றால் உத்தரவு எங்கே, தேதி என்ன என்று கேள்.

அந்த வரியைத் திருத்தி மறுபடி அனுப்பு. மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கின்றன.

அன்புடன்,
தாத்தா