சேறும் அட்டையும் அருவியும்

பெங்களூரில் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு அங்கே போய்ப் பாருங்கள். முதுகில் பையோடு பலர் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். மலை ஏறவும் அருவி பார்க்கவும் போகிறவர்கள் அவர்கள். இதை டிரெக்கிங் என்கிறார்கள்.

கல்லூரி மாணவர்கள் போகிறார்கள். கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களும் போகிறார்கள். ஆண்களும் போகிறார்கள், பெண்களும் போகிறார்கள். நல்லதுதான். வாரம் முழுதும் உழைக்கும் உடம்புக்கும் மனதுக்கும் காடு இதம் தரும்.

ஆனால் காட்டு அருவி, பூங்காவில் இருக்கும் நீரூற்று போன்றது அல்ல. அதற்குப் போகும் வழி வேறு. போகும் முறையும் வேறு. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

எங்கே போகிறோம்?

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் இருக்கிறது. அங்கே கொடசாத்ரி என்று ஒரு மலை. உயரம் 1,343 மீட்டர். கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போகிறவர்கள் இதைக் குடசாத்ரி என்பார்கள். மலை உச்சியில் கல்லால் கட்டிய சிறு மண்டபம் உண்டு. ஆதிசங்கரர் அங்கே தவம் செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை.

இந்த மலையின் காட்டுக்குள் ஹிட்லுமனே அருவி இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போக வேண்டும். ஓர் இரவுப் பயணம். நிட்டூர் என்னும் ஊர்ப் பக்கமிருந்து நடக்க வேண்டும். அருவிக்குச் சாலை கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். வழியில் ஓடைகள் குறுக்கிடும்.

இந்தப் பகுதியைக் கன்னடத்தில் 'மலெநாடு' என்பார்கள். மலைநாடு என்ற நம் சொல்தான் அது. இங்கே மழை மிக அதிகம். பெங்களூரில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதே சிவமொக்கா மாவட்டத்தில் ஆகும்பே என்னும் ஊர் உள்ளது. அங்கே ஓர் ஆண்டில் 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஏழு மடங்கு!

ஒரு குழு புறப்படுகிறது

ஒரு குழுவோடு நாமும் போவோம். குழு கற்பனை. மலையும் வழியும் உண்மை.

மொத்தம் 12 பேர். எல்லாரும் ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மூத்தவருக்கு வயது 46. எல்லாரும் அவரைப் பெரியக்கா என்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எழுதப் படிக்கக் கற்றார். இளையவனுக்கு வயது 22. அவனைத் தம்பி என்பார்கள்.

அது செப்டம்பர் மாதக் கடைசி. ஆளுக்கு 2,000 ரூபாய் செலவு. ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. திங்கள் காலை எல்லாரும் வேலையில் இருக்க வேண்டும்.

காலை 8 மணி. காட்டு வாசலில் ஒரு பலகை. எழுத்து கன்னடம். பெரியக்காவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அவர் சும்மா கடந்து போகவில்லை. கன்னடம் படிக்கத் தெரிந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் சத்தமாப் படி."

அந்தப் பெண் படித்தாள். 'எச்சரிகெ' என்று ஒரு சொல். 'அபாய' என்று ஒரு சொல். இரண்டும் நமக்குப் புரிகின்றனவே! எச்சரிக்கை, அபாயம். எழுத்துதான் வேறு.

உள்ளூர் வழிகாட்டி வந்தார். அவர் கன்னடத்தில் பேசினார். பெங்களூர்க்காரர்களுக்கு அது புரிந்தது. அவர் இரண்டு வேலை செய்தார். முதலில் எல்லாருக்கும் 1 முதல் 12 வரை எண் கொடுத்தார். அரை மணிக்கு ஒரு முறை அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓர் எண் வரவில்லை என்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

அடுத்து, மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டார். வேகமாக நடக்கும் தம்பியைக் கடைசியில் வைத்தார். வேகமானவர் முன்னால் போனால் குழு பிரிந்துவிடும். மெதுவானவர் முன்னால் போனால் குழு ஒன்றாகவே போகும்.

சேறு

காட்டுப் பாதை முழுதும் செம்மண். செம்மண்ணில் களிமண்ணும் கலந்திருக்கும். மழை நீரில் ஊறினால் அது வழுக்கும். பாறை மேல் பாசி படர்ந்திருக்கும். அது சேற்றை விட மோசம்.

சேற்றில் எப்படி நடப்பது?

எட்டி வைக்காதீர்கள். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள். கையில் ஓர் ஊன்றுகோல் இருக்கட்டும். பச்சைப் பாசி படிந்த பாறையை மிதிக்காதீர்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம். அடியில் நல்ல வெட்டு உள்ள ஷூ வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சேற்றில் ஏறுவதை விட இறங்குவது கடினம். பெரும்பாலும் திரும்பும்போதுதான் கால் வழுக்கும். அப்போது கால் சோர்ந்திருக்கும், அவசரமும் இருக்கும்.

அட்டை

பாதி வழியில் ஒரு பெண் அலறினாள். அவள் காலில் அட்டை! பார்த்தால் எல்லார் காலிலும் அட்டை.

மழைக்காலத்தில் இந்தக் காட்டில் அட்டை நிறைய உண்டு. கன்னடத்தில் இதை 'இம்பளா' என்பார்கள். அட்டையின் எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது. அது இரத்தம் உறையாமல் தடுக்கும். அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் சிறிது நேரம் இரத்தம் கசியும். பயப்பட வேண்டாம்.

அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். நெருப்பால் சுடாதீர்கள். அதன் வாய்ப் பக்கம் விரல் நகத்தை வைத்துத் தள்ளுங்கள். விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அட்டையை விட ஆபத்தானது உண்ணி. அது மிகச் சிறியது. கண்ணுக்கு எளிதில் தெரியாது. 1957-ஆம் ஆண்டு இதே சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப் பகுதியில் ஒரு புதிய காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். குரங்குக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். உண்ணி கடிப்பதால் வருகிறது. பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை பரவும். காட்டில் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். காட்டுக்குப் போய் வந்த பிறகு கடும் காய்ச்சல், தலைவலி வந்தால் மருத்துவரிடம் போங்கள். "நான் காட்டுக்குப் போய் வந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஓடைக் கரையில்

மணி 11:50. குழு கடைசி ஓடைக்கு வந்தது. அருவியின் இரைச்சல் நன்றாகக் கேட்டது. இன்னும் பத்து நிமிட நடைதான்.

வழிகாட்டி கையை உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். அவர் தண்ணீரையே பார்த்தார். காலையில் கடந்த ஓடைகளில் தண்ணீர் தெளிவாக இருந்தது. இங்கே தேநீர் நிறத்தில் ஓடியது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன.

"மேலே மழை. இனிப் போகக்கூடாது" என்றார்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணா, இங்கே வெயில் அடிக்குதே! முழங்கால் தண்ணிதானே? எல்லாரும் கை கோத்துக்கிட்டுத் தாண்டிடலாம். ரெண்டாயிரம் ரூபா கொடுத்து வந்திருக்கோம். பத்து நிமிஷத்துல அருவி!"

நாலைந்து பேர் தம்பி பக்கம் பேசினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பணம் அவர்களுக்குச் சின்னப் பணம் இல்லை. மீண்டும் எப்போது வருவார்களோ!

பெரியக்கா சொன்னார்: "எனக்கும் பாக்கணும்னு ஆசைதான் தம்பி. ஆனா இந்தக் காடு அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. பன்னெண்டு பேர் வந்தோம். பன்னெண்டு பேரும் பஸ் ஏறணும்."

வழிகாட்டி ஓடை நடுவில் ஒரு கல்லைக் காட்டினார். "அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள்" என்றார். எல்லாரும் கரையை விட்டு மேடான இடத்தில் உட்கார்ந்தார்கள். தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் கல் மறைந்துவிட்டது. தம்பி ஒன்றும் பேசவில்லை.

அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் திரும்பினார்கள். மாலை 4 மணிக்குக் காட்டு வாசலில் எண்ணைச் சொன்னார்கள். 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் வந்தது.

தண்ணீரின் பலம்

முழங்கால் அளவுத் தண்ணீர் ஆளைத் தள்ளுமா? தள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குடத்தில் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 15 கிலோ. ஓடையில் ஒரு நொடிக்கு 100 குடம் தண்ணீர் ஓடினால் எடை 1,500 கிலோ. இவ்வளவு எடை ஒவ்வொரு நொடியும் நம்மைக் கடந்து ஓடுகிறது. அதில் ஒரு பங்கு நம் காலில் மோதினாலும் போதும். காலுக்கடியில் பாசிப் பாறை இருந்தால் நிற்க முடியாது. கை கோத்தால் ஒருவர் விழும்போது மற்றவரையும் இழுப்பார்.

நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மலை மேல் மழை பெய்யலாம். அந்தத் தண்ணீர் சிறிது நேரம் கழித்து நம்மிடம் வரும். வருவதற்கு முன் அடையாளம் காட்டும்.

தண்ணீர் கலங்கும்.
இலை, சுள்ளி மிதந்து வரும்.
இரைச்சல் கூடும்.
கரைக் கற்கள் மூழ்கும்.

இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே மேடான இடத்துக்குப் போங்கள். சில சமயம் அடையாளத்தைக் கவனிக்க நேரமே இருக்காது. அதனால் மழை எச்சரிக்கை உள்ள நாளில் போகவே கூடாது.

உண்மையில் நடந்தவை

2023 ஜூலை. கொல்லூர் அருகே அரிசினகுண்டி அருவி. 23 வயது இளைஞர் ஒருவர் அருவி ஓரத்தில் பாறை மேல் நின்றார். நண்பர் செல்போனில் படம் பிடித்தார். கால் வழுக்கியது. வெள்ளம் அவரைக் கொண்டுபோனது. பல நாள் தேடிய பிறகே உடல் கிடைத்தது.

2024 மே 17. தமிழ்நாட்டில் பழைய குற்றால அருவி. மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டு வெள்ளம் வந்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

குற்றாலத்துக்குச் சாலை உண்டு. உதவிக்கு ஆட்களும் உண்டு. அங்கேயே இப்படி என்றால், செல்போன் கூட எடுக்காத காட்டில் என்ன ஆகும்?

அனுமதி எதற்கு?

2024 ஜனவரியில் கர்நாடகத்தில் குமார பர்வதம் என்னும் மலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் திரண்டார்கள். ஒற்றையடிப் பாதையில் நெரிசல். காடெங்கும் குப்பை. அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'ஆரண்ய விகார' என்னும் இணையதளம் தொடங்கியது. இதில் முன்பதிவு செய்யலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு.

அனுமதிச் சீட்டு இருந்தால் யார் உள்ளே போனார்கள் என்று வனத்துறைக்குத் தெரியும். திரும்பி வராவிட்டால் தேடுவார்கள். பாதை மூடப்பட்டிருந்தால் போகாதீர்கள். பணம் வாங்கும் ஏற்பாட்டாளரிடம் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இடமும் தேதியும் சரியா என்று பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நினைவில் வைப்போம்

1. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் எழுதி வைப்போம்.
2. பலகையைப் படிப்போம். தெரியாத எழுத்தானால் கேட்போம்.
3. குழுவை விட்டுப் பிரிய மாட்டோம்.
4. திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்வோம்.
5. கலங்கிய ஓடையைக் கடக்க மாட்டோம்.
6. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.
7. ஆபத்து உதவிக்கு 112. ஆம்புலன்சுக்கு 108.

கணக்குப் போடுவோம்

காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்குகிறோம். அடர்ந்த காட்டில் 5 மணிக்கே வெளிச்சம் மங்கும். அதனால் 4 மணிக்குள் வெளியே வர வேண்டும். போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

பேசுவோம்

தம்பி பக்கம் பேசியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எழுதுவோம்

உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஆறு, ஏரி, அருவி எதுவானாலும் சரி. அங்கே வைக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகையில் என்ன எழுதுவீர்கள்? ஐந்து சொற்களுக்குள் எழுதுங்கள்.