கோயில் பக்கத்தில் எட்டு வீடுகள்

கேள்வி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் தள்ளி எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. எட்டு வீடுகள் கட்டப் போகிறோம். தரையை மூன்றடி உயர்த்திவிட்டு, தெருப்பக்கம் நெட்டிலிங்கம் வரிசையாக நடலாம் என்கிறார் பில்டர். கோயிலுக்குப் பொருத்தமாக வேறு என்ன மரங்கள் வைக்கலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மரம் இருக்கட்டும், முதலில் அந்த மூன்றடியைக் கைவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயில் இன்று சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. நல்ல மழை பெய்தால் நந்தியும் பலிபீடமும் இருக்கும் முன்பக்கம் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மனை போடுகிற ஒவ்வொருவரும் லாரி லாரியாகக் கிராவல் அடித்துக்கொண்டே போனால் அந்தத் தண்ணீர் எங்கேதான் போகும்?

வீடுகளின் பேஸ்மென்ட்டை மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள். தோட்டமும் பாதையும் பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். கோயிலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மூலையைப் பள்ளமாக்கிப் புல் விடுங்கள். டெல்டா களிமண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. அதனால் பள்ளம் நிரம்பினால் மிச்சம் வாய்க்காலுக்குப் போக வழி வேண்டும். வாசல் முழுக்க பேவர் பிளாக் பதிக்கும் ஆசை உங்கள் பில்டருக்கும் இருக்கும். கார் நிற்கும் இடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

சட்டம் தெரிந்திருக்கும். 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன்அனுமதி வேண்டும். நீங்கள் இரண்டாவதில் வருகிறீர்கள். வரைபடத்தில் வீடுகளோடு மதில், பள்ளம், வடிகால் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். பக்கத்திலேயே சோழர் தலைநகரான பழையாறை; தோண்டும்போது பழைய செங்கல் வரிசை தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தாசில்தாரிடம் சொல்லுங்கள்.

இனி மரம். நெட்டிலிங்கம் வேண்டவே வேண்டாம். விமானத்தின் உயரம் 24 மீட்டர் இருக்கும்போது மரம் எப்படி மறைக்கும் என்று கேட்பீர்கள். 250 மீட்டர் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பத்து மீட்டர் முன்னால் எட்டடி உயரத்துக்கு அடர்ந்த செடி ஒன்று இருந்தாலே போதும், விமானம் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே மரம் எவ்வளவு வளரும் என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பொதுப்பாதையைக் கோயிலை நோக்கி நேராகப் போடுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். இரு பக்கமும் புன்னை, மகிழம், செண்பகம் நடலாம். நிழலும் வாசனையும் உண்டு, மண்ணுக்கும் பழகியவை.

ஆலும் அரசும் உங்கள் நிலத்தில் கூடாது. அவற்றின் பழத்தைத் தின்கிற பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் கல் இடுக்கில் எச்சமாகப் போடும். முளைத்து வேர் பருத்தால் கல்லையே நகர்த்திவிடும். கோனோகார்ப்பஸ் தருகிறேன் என்று நர்சரிக்காரர் வந்தால், அதற்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

குழி எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மரம் வரப்போகும் இடங்களில் மூங்கில் கழிகளை நட்டு, உச்சியில் துணி கட்டி, தெருமுனையில் நின்று பாருங்கள். எந்தக் கழி விமானத்தின் குறுக்கே வருகிறதோ, அதைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நடுங்கள்.