மைக் கைக்கு வந்ததும்

திருவண்ணாமலையில் கூட்டம் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. கேள்வி நேரத்தைக் கரை சேர்ப்பதுதான் வேலை. கலை இலக்கிய இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்து பழகிய ஊர் இது. எழுத்தாளர் பவா செல்லதுரை நடத்திய ‘முற்றம்’ நிகழ்வுகளில் எழுத்தாளர்களையும் சினிமாக்காரர்களையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட ஊர். அப்படியிருந்தும் ஒரு மூத்த நடிகர் “சரி, கேளுங்க” என்று நாற்காலியில் சாய்ந்த மறுநிமிஷம், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பல வருஷமாக மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு நடிகர் சிவகுமாரையே எடுத்துக்கொள்கிறேன். ரசிகர் எதைக் கேட்டாலும் வருஷம், ஊர், பேர் என்று பதில் வைத்திருப்பவர். தன் டைரிக் குறிப்புகளையே புத்தகமாகப் போட்டவர். கம்பராமாயணத்தை நூறு பாட்டில் அடக்கி, கையில் துண்டுச் சீட்டு இல்லாமல் மேடையில் சொன்னவர்.

செய்ய வேண்டியவை

வீட்டிலேயே கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். “உங்க முதல் படம் எது சார்?” என்பது கேள்வியே இல்லை. 1965, ‘காக்கும் கரங்கள்’. போனில் தட்டினால் வந்துவிடும். நூறாவது படம் ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’, 1979. இதையெல்லாம் அவர் வாயால் சொல்லவைத்து ஐந்து நிமிஷத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். “வாழ்க்கைன்னா என்ன?” என்று கேட்டால் எந்த நடிகரும் ஏற்கெனவே நூறு மேடையில் சொன்னதையே சொல்வார். ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கு ஒரு குணச்சித்திர நடிகர் வந்திருந்தார். பேர் வேண்டாம். வெற்றி, தோல்வி, கடவுள் நம்பிக்கை என்று மூன்று பேர் கேட்டார்கள். மனுஷர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாலாவதாக, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். “ஏங்க, நிஜமா அழுதா மூக்கு ஒழுவுதே, சினிமால அழுவுறப்ப யாருக்கும் ஒழுவ மாட்டேங்குதே, ஏன்?”

கூட்டம் சிரித்தது. நடிகர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கிளிசரினைக் கண்ணுக்குக் கீழே எங்கே தடவ வேண்டும், கொஞ்சம் கூடினால் எப்படி எரியும், கண் சிவந்துவிட்டால் அடுத்த ஷாட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அப்புறம், தன் அம்மா இறந்த வாரம் ஒரு படத்தில் நிஜமாகவே அழுததையும், மூக்கு ஒழுகிவிட்டதால் அந்த டேக் வேண்டாம் என்று டைரக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னதையும் சொன்னார். யாரும் அசையவில்லை. அந்த அம்மா மட்டும் “பாவம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தொழிலைக் கேளுங்கள். சிவகுமார் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். மாணவனாக ஊர் ஊராகப் போய்க் கோயில்களை அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். நம் அண்ணாமலையார் கோயிலும் அதில் உண்டு. இங்கே மலைக்குக் கிழக்கே கோயில். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் கோபுரங்கள் மேலெல்லாம் நிழல் ஏறிவிடும். காலை வெயிலில் போட ஆரம்பித்த வண்ணத்தை அப்போது என்ன செய்வார்கள்? 217 அடி ராஜகோபுரத்தையும் அதன் பின்னால் நிற்கிற மலையையும் ஒரே தாளில் எந்த அளவில் வைப்பார்கள்? இந்த ஊர்க்காரன் கேட்காமல் வேறு யார் இதைக் கேட்பது?

‘சிந்து பைரவி’யில் அவர் பாடகராக நடித்ததைப் பற்றியா, அப்படியே கேளுங்கள்: ஜேசுதாஸ் குரல் ஓடும்போது தொண்டை நரம்பு, தொடையில் போடும் தாளம், மூச்சு வாங்குகிற இடம், இதற்கெல்லாம் எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்?

பெயரைச் சொல்லி வணங்குங்கள், போதும். “ஐயா”வும் சரி, “சார்” என்பதும் சரி. ‘கந்தன் கருணை’யில் முருகனாக வந்தவர் என்பதற்காகக் காலில் விழுகிற பெரியவர்களை நான் தடுப்பதில்லை. அது வேறு கணக்கு.

நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறியுங்கள். பௌர்ணமியன்று வைத்தால், கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நடிகரும் வரமாட்டார், நாற்காலி வாடகைக்காரரும் வரமாட்டார். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

கேட்காமல் செல்ஃபி எடுக்காதீர்கள். 2018 அக்டோபரில் மதுரையில் ஒரு திறப்பு விழாவில், செல்ஃபி எடுத்த இளைஞரின் போனை சிவகுமார் தட்டிவிட்டதை நாடே பார்த்தது. அவர் செய்தது தப்பு. வருத்தம் தெரிவித்தார், புது போனும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்றும் தோன்றும். அறுபதுகளிலிருந்து கேமரா முன்னால் நின்றவருக்கு, கேமரா என்றால் ‘ஸ்டார்ட்’ என்று ஒருவர் சொல்வார், ‘கட்’ என்று ஒருவர் சொல்வார். முகத்துக்குக் குறுக்கே நீளுகிற கைக்கு அந்த இரண்டு வார்த்தையும் தெரியாது.

அரசியலுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்காதீர்கள். ரஜினியிடம் இந்த ஒரே கேள்வியை 1996இல் பிடித்த தமிழ்நாடு, 2020 டிசம்பர் 29ஆம் தேதி ‘வரவில்லை’ என்று அவர் அறிக்கை விடும்வரை விடவில்லை. அத்தனை வருஷத்தில் நடிப்பைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இந்த மலையின் இரண்டு பெயரிலும் வந்த படங்களில் நடித்தவர் அவர், ‘அண்ணாமலை’ 1992இல், ‘அருணாச்சலம்’ 1997இல். அதைப் பற்றிக் கேட்கவாவது நமக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம்.

விருது கிடைக்காததைக் கிளறாதீர்கள். ‘சிந்து பைரவி’க்காக சுஹாசினி, இளையராஜா, சித்ரா மூவரும் தேசிய விருது வாங்கினார்கள். அதில் ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாருக்கு அது தெரியாதா? உங்கள் அனுதாபத்தைக் கேள்விக்குறி போட்டு நீட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். சூர்யா, கார்த்தி கால்ஷீட்டை அவர் பையில் வைத்துக்கொண்டு வரவில்லை.

கிரிவலத்தில் மடக்காதீர்கள். இதை எழுதும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற நடிகர்களை நான் பார்த்திருக்கிறேன். எமலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, “அடுத்த படம் என்ன சார்?” என்று கேட்டார்கள். காலை ஒன்பதரை மணி. தார் சூடேறத் தொடங்கிவிட்டது. அவர் பதில் சொல்லிக்கொண்டே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கேட்டவர் செருப்புப் போட்டிருந்தார்.

கேள்வி என்ற பெயரில் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். கையில் ஸ்கிரிப்ட் ஃபைலோடு வராதீர்கள். எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டுபவர், டீ ஆற்றுபவர், வாத்தியார் எல்லோரிடமும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

பதில் நின்றதும் கைதட்டிவிடாதீர்கள். வயதானவர்கள் பேச்சின் நடுவில் நிறுத்துவார்கள். பேரைத் தேடுவார்கள், அல்லது சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். மூக்கு ஒழுகிய கதையைச் சொன்னவரும் அப்படித்தான் நடுவில் நிறுத்தினார். பின்வரிசையில் ஒருவர் தட்டக் கையைத் தூக்கினார். எங்கள் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரில் வைத்த கையை எடுக்காமல், இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.